குடிபோதையில் ஓட்டிய வண்டி மோதி உயிர் போனால்: குடும்பத்துக்குச் சட்டத்தில் என்ன வழி?

"ஓட்டினவன் குடிச்சிருக்கான். அதனால இன்சூரன்ஸ் வராது. கொடுக்கிறதை வாங்கிக்கிட்டு பேசாம முடிச்சுக்கங்க."

அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் உடலை வாங்கக் காத்திருக்கும் குடும்பத்திடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். வண்டிக்காரரின் சொந்தக்காரராக இருக்கலாம், ஊர்ப் பெரியவராக இருக்கலாம். நல்ல மனதோடுகூடச் சொல்லலாம். ஆனால் சொன்னது தவறு. அதை நம்பி ஒரு லட்சத்துக்கோ இரண்டு லட்சத்துக்கோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குடும்பங்கள் இழந்தது பல மடங்கு.

சாலையோரம் நடந்து போனவர், சாலையைக் கடந்தவர், பேருந்துக்குக் காத்து நின்றவர், நடைபாதையில் படுத்திருந்தவர் என்று, வண்டி ஏதும் ஓட்டாமல் வெறுமனே சாலையில் இருந்த ஒருவரைக் குடிபோதையில் வந்த வாகனம் கொன்றுவிட்டால் அவருடைய குடும்பம் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இப்படி இறந்த பாதசாரிகள் 32,825 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். (அத்தனை பேரையும் குடிகாரர்கள் மோதவில்லை, மொத்தக் கணக்கு இது.) நான் சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை. சட்டங்கள் மத்திய அரசுடையவை என்பதால் மற்ற மாநிலங்களிலும் அடிப்படை இதேதான்.

ஒரு சாவு, இரண்டு வழக்குகள்

முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். ஒரே விபத்திலிருந்து இரண்டு தனித்தனி வழக்குகள் கிளம்புகின்றன.

ஒன்று குற்ற வழக்கு. அதை நடத்துவது அரசு. காவல்துறை வழக்குப் பதிவு செய்து, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, அரசு வழக்கறிஞர் வாதாடி, ஓட்டியவருக்குத் தண்டனை வாங்கித் தருவது அதன் வேலை. குடும்பத்துக்குப் பணம் வாங்கித் தருவது அதன் முதல் வேலை இல்லை.

மற்றொன்று நஷ்டஈட்டு வழக்கு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் குடும்பமே போடுவது. நீதிமன்ற வட்டாரத்தில் இதை 'எம்.சி.ஓ.பி.' என்பார்கள். மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இந்தத் தீர்ப்பாயம் இருக்கும். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இந்த வேலையைச் செய்கிறது. இங்கே யாரும் சிறைக்குப் போவதில்லை. பணம் எவ்வளவு, அதை யார் தருவது என்ற இரண்டு கேள்விகள் மட்டும்தான்.

ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. குற்ற வழக்கு ஐந்தாறு வருடம் இழுக்கும், அது முடியட்டும், அப்புறம் நஷ்டஈடு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் காலக்கெடு போய்விடும். குற்ற வழக்கில் ஓட்டியவர் விடுதலையாகிவிட்டாலும் நஷ்டஈட்டு வழக்கு அதோடு செத்துவிடாது. குற்ற வழக்கில் 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்திலோ, இப்படித்தான் நடந்திருக்கும் என்று நியாயமாக நம்ப இடமிருந்தால் போதும். உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன விஷயம் இது.

இதில் குடிபோதைக்கு ஒரு வினோதமான இடம் இருக்கிறது. குற்ற வழக்கில் குடிபோதையை நிரூபித்தாக வேண்டும். வழக்கின் கனமே அதில்தான் இருக்கிறது. நஷ்டஈட்டு வழக்கில் குடும்பம் அதை நிரூபிக்கவே தேவையில்லை. கவனக்குறைவாக ஓட்டினார் என்று காட்டினால் போதும். அங்கே குடிபோதையைப் பிடித்துக்கொண்டு பேசுவது இன்சூரன்ஸ் கம்பெனிதான், எப்படியாவது பணத்தைத் தட்டிக்கழிக்கலாமா என்று பார்ப்பதற்காக.

குற்ற வழக்கு: எந்தப் பிரிவு?

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. பழைய 304ஏ-வுக்குப் பதிலாக இப்போது 106(1): கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், ஐந்து வருடம் வரை சிறை. கூடவே 281, அதாவது கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுதல். குடித்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ம் சேரும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

106(1) ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆளைக் கொன்றவர் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டார், போலீஸ் விலைபோய்விட்டது என்று குடும்பம் கொதிப்பதற்குக் காரணம் இதுதான். பல சமயம் அங்கே விலைபோனது எதுவும் இல்லை, பிரிவே அப்படி.

கனமான இன்னொரு பிரிவு இருக்கிறது: 105, கொலையாகாத மரணம் விளைவித்தல். இப்படிச் செய்தால் ஆள் செத்துப்போகலாம் என்று தெரிந்தே ஒருவர் ஒரு காரியத்தைச் செய்தால், பத்து வருடம் வரை சிறை. ஜாமீன் எளிதில் கிடைக்காது. விசாரணை அமர்வு நீதிமன்றத்தில் நடக்கும்.

குடிபோதை விபத்துக்கு இது பொருந்துமா? பொருந்தும் என்று சொன்ன இரண்டு பெரிய வழக்குகள் உண்டு. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மேல் ஒரு கார் ஏறியதில் ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டு ஆறு மாதம் சிறை கொடுத்தது. உயர் நீதிமன்றம் கொலையாகாத மரணம் என்று மாற்றி மூன்று வருடம் ஆக்கியது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1999 ஜனவரியில் டெல்லி லோதி சாலையில் ஆறு பேரைக் கொன்ற பி.எம்.டபிள்யூ. வழக்கிலும் 2012-ல் உச்ச நீதிமன்றம் அதே முடிவுக்குத்தான் வந்தது. ஆனால் தண்டனை, அதுவரை சிறையில் கழித்த காலம் போதும் என்று முடிந்தது. அதோடு 50 லட்சம் ரூபாயும் சமூக சேவையும். பிரிவு பெரிதாக இருந்தாலும் தண்டனையும் பெரிதாக வரும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

குடித்திருந்தார் என்பதாலேயே 105 தானாக வந்துவிடாது. எவ்வளவு குடித்திருந்தார், என்ன வேகம், எப்படிப்பட்ட இடம், நிறுத்தச் சொன்னபோது நிற்காமல் போனாரா, மோதிய பிறகு என்ன செய்தார் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். முதல் தகவல் அறிக்கையில் 106 மட்டும் இருந்தாலும், விசாரணையில் ஆதாரம் கிடைத்தால் 105-க்கு மாற்றலாம். குடும்பம் இதற்காக விசாரணை அதிகாரியிடமும், மேலே காவல் கண்காணிப்பாளரிடமோ ஆணையரிடமோ எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். அரசு வழக்கறிஞருக்குத் துணையாகத் தனி வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் தெரிவிக்கும் கடமை காவல்துறைக்கு உண்டு. ஓட்டியவர் விடுதலையானாலோ, சின்னப் பிரிவில் தண்டனை கிடைத்தாலோ மேல்முறையீடு செய்யும் உரிமையும் குடும்பத்துக்கு இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் 'பாதிக்கப்பட்டவர்' என்றால் சட்டப்படியான வாரிசும் சேர்த்திதான்.

ரத்தம் காத்திருக்காது

குற்ற வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. நேரம் போகப் போக உடலில் ஆல்கஹால் குறைந்துகொண்டே வரும். ராத்திரி பதினோரு மணிக்கு மோதியவரிடம் மறுநாள் மதியம் ரத்தம் எடுத்தால் அதில் என்ன மிஞ்சியிருக்கும்? 185-ல் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 'வாயில் மது வாடை இருந்தது' என்று டாக்டர் எழுதும் ஒரு வரி போதாது. கருவியில் ஊதிய அளவோ, ரத்தப் பரிசோதனை முடிவோ வேண்டும்.

சாவு வீட்டில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் மனசு வராது. அதனால் துக்கத்திலிருந்து ஓரடி தள்ளி நிற்கும் ஒருவர், மச்சானோ சித்தப்பாவோ கூட வேலை செய்பவரோ, காவல் நிலையம் போக வேண்டும். போய்க் கேட்க வேண்டியது: ஓட்டியவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா, எத்தனை மணிக்கு, எந்த மருத்துவமனை, ரத்த மாதிரி எடுத்தார்களா? வாயால் மட்டும் கேட்காமல் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குவது நல்லது. 2024 மே மாதம் புனேவில் நடந்த போர்ஷ் கார் விபத்தில், ஓட்டிய சிறுவனின் ரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாக அரசு மருத்துவமனை டாக்டர்களே கைதானார்கள். அப்படியும் நடக்கும். (வண்டியை ஓட்டியவர் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் மேலேயே வழக்கு வரும், மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.)

அடுத்தது கேமரா. டீக்கடை, பெட்ரோல் பங்க், நகைக்கடை, ஏ.டி.எம். என்று சாலை முழுக்கக் கேமராதான். ஆனால் பழைய பதிவு சில நாட்களிலேயே அழிந்து புதிது ஏறிவிடும். போலீஸ் எடுக்கும் என்று இருக்காமல், எந்தெந்தக் கடையில் கேமரா சாலையைப் பார்த்து இருக்கிறது என்று குறித்து, அந்தப் பட்டியலையும் மனுவாகக் கொடுங்கள். ஓட்டியவர் முன்பு எங்கே குடித்தார் என்று தெரிந்தால், அந்த பாரின் கேமராவும் பில்லும் முக்கியம்.

சமரசப் பேச்சு வருவதும் இந்த நாட்களில்தான். மரணம் விளைவித்த வழக்கு, இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய வகைக் குற்றம் இல்லை. வெற்றுத் தாளிலோ, 'எங்களுக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை' என்று எழுதிய தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஈமச் செலவுக்கென்று அவர்களாகக் கொடுப்பதை வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வாங்கினால், அதற்கு ஈடாக எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

நஷ்டஈட்டு வழக்கு: ஆறு மாதக் கணக்கு

மோட்டார் வாகனச் சட்டம் 166-ம் பிரிவின்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இடையில் பல வருடங்களாகக் காலக்கெடுவே இல்லாமல் இருந்தது. 2022 ஏப்ரல் 1-ல் மறுபடி வந்தது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. தாமதம் என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் அந்த நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவும் போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. கருமாதி முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள்.

எங்கே போடுவது? விபத்து நடந்த ஊரில் போடலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். எதிர்த் தரப்பு இருக்கும் இடத்திலும் போடலாம். திருநெல்வேலிக்காரர் வேலைக்காகச் சென்னை வந்து இங்கே இறந்தார் என்றால், மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏற வேண்டியதில்லை.

யார் போடுவது? மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர். கல்யாணமாகித் தனியாகச் சம்பாதிக்கும் மகனும்கூடச் சட்டப் பிரதிநிதி என்ற முறையில் சேரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. எல்லோரும் ஒரே மனுவில் சேர்ந்துவிடுவது நல்லது. பிறகு மாமியார் தனியாக, மருமகள் தனியாக என்று போனால் இரண்டு பேருக்கும் தாமதம்தான்.

யார் மேல்? ஓட்டியவர், வண்டியின் உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி. மூவரையும் சேர்க்க வேண்டும். உரிமையாளர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பவர். 'வண்டியை விற்று ரெண்டு வருஷம் ஆச்சு, பேர்தான் மாத்தல' என்று அவர் கைவிரித்தாலும் செல்லாது. பெயர் மாறாதவரை பொறுப்பு அவருடையதுதான். (பழைய வண்டி விற்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.) வண்டி நம்பர் தெரிந்தால் பரிவாகன் செயலியிலேயே இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

சட்டப்படி போலீஸே பாதி வேலையைச் செய்து தர வேண்டும். 2022-ல் வந்த விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போக வேண்டும். 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கை. அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் இது ஊருக்கு ஊர் மாறும். அதனால் போலீஸ் அறிக்கை போயிருந்தாலும் தனி மனு போட்டுவிடுவதே பாதுகாப்பு.

வேண்டிய காகிதங்கள்: முதல் தகவல் அறிக்கை (புகார் கொடுத்தவருக்கு இலவசம்), பிரேதப் பரிசோதனை அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம் (அந்த இடத்துக்குப் போலீஸ் போடும் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பின்னால் குற்றப்பத்திரிகை. இவற்றில் பலவற்றைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விபத்து வழக்கு ஆவணங்கள் என்ற பகுதியில் கேட்டுப் பெறலாம். குடும்பத்தின் பக்கத்திலிருந்து இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், வயதுக்கு ஆதாரம். எல்லாவற்றையும்விட முக்கியமானது வருமானத்துக்கான ஆதாரம். அது ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

பணம் எப்படிக் கணக்காகிறது?

நீதிபதி ஆளைப் பார்த்து ஒரு தொகையைச் சொல்வதில்லை. 2009-ல் சரளா வர்மா வழக்கிலும், 2017-ல் பிரனய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. நாடு முழுக்க அதுதான்.

38 வயதுக் கொத்தனார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள். உயிரோடு இருந்திருந்தால் வருமானம் கூடியிருக்கும் என்பதற்காக, நாற்பது வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில் செய்பவருக்கு 40 சதவீதம் சேர்ப்பார்கள். 25,200 ஆயிற்று. தனக்கென்று அவர் செலவழித்திருப்பதைக் கழிக்க வேண்டும். நம்பியிருப்பவர்கள் நான்கு முதல் ஆறு பேர் என்றால் கால் பங்கு. மிச்சம் 18,900. வருடத்துக்கு 2,26,800. இதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 36 முதல் 40 வயது வரை அந்த எண் 15. ஆக 34,02,000 ரூபாய். இதற்கு மேல் துணையை, தகப்பனை, மகனை இழந்ததற்காக ஆளுக்கு 40,000. ஈமச் செலவுக்கு 15,000. சொத்து இழப்புக்கு 15,000. இந்தத் தொகைகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும் என்பதால் 2023 கடைசியில் முறையே 48,400, 18,150, 18,150 ஆகிவிட்டன. எல்லாம் சேர்த்தால் 36,31,900. மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள்.

சரி, இதே கொத்தனார் மாதம் 18,000 சம்பாதித்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, நீதிபதி 12,000 என்று எடுத்துக்கொள்கிறார் என்றால்? முக்கியத் தொகை 22,68,000 ஆகிவிடும். மாதத்துக்கு 6,000 ரூபாயை நிரூபிக்க முடியாமல் போனதில் கை நழுவியது 11,34,000 ரூபாய்.

கூலி வேலைக்கு எங்கே சம்பளச் சீட்டு என்று கேட்பீர்கள். கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டை, மேஸ்திரியின் வருகைக் குறிப்பேடு, வங்கிக் கணக்கில் வாரா வாரம் விழுந்த தொகை, ஜிபே பரிவர்த்தனைகள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, குழுக் கடன் தவணை கட்டிய அட்டை, கூட வேலை பார்த்தவரின் சாட்சி. இவற்றில் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அவருடைய போனைப் பத்திரமாக வைத்திருங்கள், சிம்மை ரத்து செய்ய அவசரப்படாதீர்கள். பாதி ஆதாரம் அதற்குள்தான் இருக்கும்.

இறந்தவர் வீட்டு வேலை மட்டும் பார்த்த பெண் என்றால், 'வருமானமே இல்லையே' என்று இன்சூரன்ஸ் தரப்பு இழுக்கும். அது எடுபடாது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் ஒரு வருமானத்தை மதிப்பிட வேண்டும், அதற்கும் எதிர்கால உயர்வைச் சேர்க்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

'குடித்திருந்தான், அதனால் தர மாட்டோம்'

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாக இருப்பதே சாலையில் போகிற வருகிறவர்களைக் காப்பாற்றத்தான். ஓட்டியவர் குடித்திருந்தால் பாலிசி நிபந்தனையை மீறியவர் ஆகிறார்; மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ம் பிரிவு அதை ஒரு எதிர்வாதமாக இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்தும் இருக்கிறது. அவருடைய சொந்தக் காருக்கான பழுதுபார்ப்புச் செலவை இதைச் சொல்லி மறுத்துவிடுவார்கள். ஆனால் மீறியது வண்டிக்காரர். செத்தவரோ அந்த பாலிசியைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்.

அதனால் நீதிமன்றங்கள் கடைப்பிடிக்கும் வழி, 'கொடுத்துவிட்டு வசூலித்துக்கொள்' என்பது. கம்பெனி முதலில் குடும்பத்துக்கு முழுத் தொகையையும் கட்ட வேண்டும். அப்புறம் வண்டி உரிமையாளரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்வது கம்பெனியின் பாடு. ஓட்டுநர் உரிமம் இல்லாத வழக்குகளில் வேரூன்றிய இந்த வழியைக் குடிபோதை வழக்குகளுக்கும் கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் நீட்டியிருக்கின்றன. கீழே ஏதாவது ஒரு தீர்ப்பாயம் கம்பெனியை விடுவித்து, உரிமையாளர் மட்டும் கட்டட்டும் என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பாதசாரி வழக்குகளில் இன்னொரு வாதமும் வழக்கமாக வரும்: 'அவர்தான் பார்க்காமல் குறுக்கே வந்தார்'. இதை ஏற்றால் பங்குத் தவறு என்று சொல்லித் தொகையில் ஒரு பகுதியைக் குறைப்பார்கள். மாதிரி வரைபடமும் கேமராப் பதிவும் இங்கேதான் கை கொடுக்கும். உடல் கிடந்தது சாலையின் ஓரத்திலா நடுவிலா, பிரேக் தடம் எங்கே தொடங்குகிறது, பக்கத்தில் ஜீப்ரா கோடு இருந்ததா? போலீஸ் வரைபடம் போடும்போது குடும்பத்துக்காரர் ஒருவர் அந்த இடத்தில் இருப்பது வீண்போகாது. போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 164-ம் பிரிவு. யார் மேல் தவறு என்று பார்க்காமல், சாவுக்கு 5 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கும், சீக்கிரமாகவும் வரும். ஆனால் கம்பெனி முன்வைக்கும் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு காலாவதியாகிவிடும். மேலே போட்ட கொத்தனார் கணக்கை நினைத்துப் பாருங்கள். தவறு யாருடையது என்றே நிரூபிக்க முடியாத வழக்குக்கு 164 பொருந்தும். குடித்துவிட்டு வந்து மோதிய வழக்கில் இதை ஏற்பது பெரும்பாலும் நஷ்டம்தான்.

வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை, அல்லது மோதிவிட்டு ஓடிவிட்டார்

இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் உரிமையாளர்தான் கட்ட வேண்டும். தீர்ப்பாயத்தின் உத்தரவை வைத்து மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம், சொத்தை ஜப்தி செய்யலாம். கஷ்டமான வழிதான். இப்படிப்பட்ட வண்டியைப் போதிய உத்தரவாதம் வாங்காமல் விடுவிக்கக் கூடாது என்பது 2018-ல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி. எனவே வண்டியைக் கேட்டு உரிமையாளர் நீதிமன்றத்துக்கு வரும்போது உங்கள் வழக்கறிஞரும் அங்கே நின்று ஆட்சேபிக்க வேண்டும்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் 161-ம் பிரிவின் கீழ் 2 லட்சம் ரூபாய். இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டியதில்லை. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் மனு கொடுத்தால், மாவட்ட ஆட்சியர் உத்தரவிடுவார். பிறகு வண்டி கிடைத்துவிட்டால் முழு நஷ்டஈடு கேட்கலாம். வாங்கிய 2 லட்சம் அதில் கழியும்.

மது விற்ற கடையின் மேல் வழக்குப் போட முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில், தள்ளாடிக்கொண்டிருப்பவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்த பாரையே பொறுப்பாக்கும் சட்டம் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே சில்லறைக் கடையை நடத்துவதே 2003 முதல் அரசின் டாஸ்மாக்தான் என்பதால், அப்படி ஒரு சட்டம் சீக்கிரம் வரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

வக்கீலும் செலவும்

பிணவறைக்கே விசிட்டிங் கார்டோடு வரும் ஏஜென்டுகளிடம் ஜாக்கிரதை. 'பணமே வேண்டாம், வரும் தொகையில் இத்தனை சதவீதம்' என்பார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்திருக்கின்றன. கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையும் வங்கிப் பாஸ்புக்கும் உங்களிடமே இருக்கட்டும்.

காசே இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியலின, பழங்குடியினத்தவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடிக்கலாம் என்று அழைப்பு வந்தால் போகலாம், தப்பில்லை. ஆனால் மேலே சொன்ன சூத்திரப்படி உங்கள் கணக்கு எவ்வளவு வருகிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது.

நஷ்டஈட்டு வழக்கோடு சம்பந்தமில்லாத சில தொகைகளும் இருக்கும். இறந்தவரின் பாஸ்புக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்; அது பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். வங்கிக் கிளையில் சீக்கிரம் விண்ணப்பிக்க வேண்டும். நலவாரிய உறுப்பினர் என்றால் அங்கும் விபத்து மரண உதவி உண்டு. எல்.ஐ.சி. பாலிசிப் பணம் வந்தது என்பதற்காகத் தீர்ப்பாயம் நஷ்டஈட்டைக் குறைக்காது. வேலையில் இருந்தபோது, உதாரணமாகச் சாலை போடும் வேலையின் நடுவில், வண்டி மோதி இறந்திருந்தால் தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின் கீழும் கேட்கலாம். ஆனால் அதுவா இதுவா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பெரும்பாலும் தீர்ப்பாயத்தில்தான் தொகை கூடுதல்.

தீர்ப்பு வந்ததும் பணம் மொத்தமாகக் கைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பாயமே பங்கு பிரித்துவிடும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளின் பங்கு தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாகப் போகும். வட்டியை மட்டும் தாய் எடுத்துக்கொள்ள அனுமதிப்பார்கள். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ இடையில் பணம் வேண்டுமென்றால், செலவுக்கான ஆதாரத்தோடு அதே தீர்ப்பாயத்தில் மனு போட்டு எடுக்கலாம். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனாலும், தீர்ப்புத் தொகையில் ஒரு பகுதியையாவது கட்டச் சொல்லித்தான் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் தடை உத்தரவு தரும். அப்படிக் கட்டிய பணத்தை எடுக்க உடனே மனு போடச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.